மினுங்க வேண்டிய இடம்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிலை ஒட்டி நிற்கும் வேப்பமரத்தடியில் மாடசாமியின் தேய்ப்பு வண்டி இருபது ஆண்டுகளாக நிற்கிறது. அதே பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஐயா, ஒரு தோளில் மஞ்சள் பையும், கக்கத்தில் தகரத் தகடு போல விறைத்துக்கொண்டு மடங்க மறுக்கும் ஒரு வேட்டியுமாக வந்து சேர்கிறார். மாடசாமி அவரிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவர். ஐயாவின் முன்னால் கொச்சையாகப் பேசினால் அவர் காதைத் திருகிவிடுவார் என்ற அச்சம் ஐம்பது வயதிலும் அவருக்குத் தீராததால், இந்த உரையாடல் முழுவதும் இலக்கணம் வழுவாமல் நடைபெறுகிறது.

ஐயா: மாடசாமி, சென்ற வாரம் உன்னிடம் இரண்டு உருப்படிகள் கொடுத்தேன். வேட்டி மினுங்க வேண்டும், காற்சட்டையில் சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். நீயோ வேட்டியைச் சுண்ணாம்புச் சுவர் போல மங்கலாகத் திருப்பித் தந்துவிட்டு, கறுப்புக் காற்சட்டையின் பின்புறத்தை முகம் பார்க்கும் கண்ணாடியாக மாற்றியிருக்கிறாய்.

மாடசாமி: அந்தப் பேண்ட் பளபளத்ததற்கு நான் மட்டும் காரணம் இல்லை, ஐயா. அது பாலியெஸ்டர் கலந்த துணி; சூடு கூடினால் இழை இளகித் தட்டையாகிவிடும். ஈரத்துணியை மேலே போட்டுத் தேய்க்காமல் விட்டது என் தவறுதான். ஆனால் ஓய்வுபெற்ற நாளிலிருந்து நூலகத்து மரநாற்காலியில் நாள்தோறும் உட்கார்ந்து உட்கார்ந்து பாதி வேலையைத் தாங்களே முடித்து வைத்திருந்தீர்கள்.

ஐயா: காற்சட்டையை விட்டுவிடுவோம். வெள்ளிக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தந்தை பெண் பார்க்க வந்த அன்று கட்டியிருந்த வேட்டி, நிலவொளியில் தாமிரபரணியைப் பார்ப்பது போல மினுங்கியது. என் மனைவி மாப்பிள்ளையைப் பார்க்காமல் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே இம்முறை உன்னை நம்பாமல், நானே வீட்டில் கஞ்சி போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

(வேட்டியைப் பலகையின் மேல் வைக்கிறார். அது படுக்காமல் நிற்கிறது.)

மாடசாமி: இதில் ஆங்காங்கே முத்துப் பதித்தது போலத் தெரிகின்றதே, அவை என்ன, ஐயா?

ஐயா: ஜவ்வரிசி. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யப்படுவது என்றும், அந்த மாவுதான் துணிக்கு உகந்த கஞ்சி என்றும் நீயே ஒருமுறை சொன்னாய். சம்பந்தி வீட்டாருக்குப் பாயசம் வைப்பதற்காக வாங்கியிருந்த 200 கிராமையும் வேகவைத்து ஊற்றிவிட்டேன். கஞ்சி கூடக் கூட மினுக்கமும் கூடும் அல்லவா?

மாடசாமி: கூடாது, ஐயா. கஞ்சி கூடினால் விறைப்புதான் கூடும். இந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தாங்கள் நடந்தால், தாங்கள் வருவதற்கு முன் சத்தம் வரும். ஒரு வேட்டிக்கு இரண்டு தேக்கரண்டி மாவு போதும். அதையும் முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு ஒரு லிட்டர் கொதிநீரில் விட்டு, பால் நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்டி, துணியில் வடிகட்ட வேண்டும். வெந்நீரில் நேரடியாக மாவைக் கொட்டினால் மேலே வெந்து உள்ளே வேகாமல் உருண்டை கட்டிக்கொள்ளும். அந்த உருண்டை என் தேய்ப்புப் பெட்டியின் அடியில் ஒட்டிக் கருகி, அடுத்து வருகிறவரின் வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடாக இறங்கும். அவர் வந்து திட்டுவது தங்களை அல்ல, என்னை.

ஐயா: கஞ்சியைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்கிறாயா? நம் முன்னோர் சங்க காலத்திலேயே துணிக்குக் கஞ்சி போட்டவர்கள். குறுந்தொகையின் 330ஆம் பாடலில் ஒரு புலத்தி வருகிறாள். புலத்தி என்றால் ஆடை வெளுக்கும் பெண். அவள் துணியைப் பசையில் தோய்த்து எடுத்து, ஒரு முறை அடித்து, குளிர்ந்த குளத்தில் போடுகிறாள். முறுக்கிய துணி தண்ணீரிலும் பிரியாமல் தடித்த திரியாகக் கிடக்கிறது. பகன்றை என்னும் கொடியின் வெண்பூவின் தோற்றத்துக்கு அதைப் புலவர் உவமையாகச் சொல்கிறார். ஒன்பதாம் வகுப்பில் இதை உனக்குச் சொன்னேனே, நினைவிருக்கிறதா?

மாடசாமி: நினைவிருக்கிறது, ஐயா. அன்றே ஒரு சந்தேகம் கேட்க நினைத்தேன்; தங்கள் கையில் பிரம்பு இருந்ததால் கேட்கவில்லை. பசையில் தோய்த்த துணியைக் குளத்தில் போட்டால் பசை எப்படி நிற்கும்? அலசுவது முதலில், கஞ்சி கடைசியில். எங்கள் தொழிலில் இதை யாரும் மாற்றிச் செய்ய மாட்டார்கள்.

(நீண்ட அமைதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பாடலை நடத்தியவர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்க்கிறார்.)

ஐயா: அது... உவமை, மாடசாமி. உவமையில் வரிசை பார்க்கக் கூடாது.

மாடசாமி: அவளைக் குறை சொல்லவில்லை, ஐயா. தண்ணீரில் கிடந்தும் திரி பிரியவில்லை என்றால் அவளும் தங்களைப் போலக் கஞ்சியை அள்ளி ஊற்றிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடுதல் கஞ்சியைக் குறைப்பதற்காகத்தான் குளத்தில் போட்டிருப்பாள். நானும் இந்த வேட்டியை அதற்காகத்தான் இப்போது வெந்நீரில் ஊறவைக்கப் போகிறேன்.

ஐயா: (குரலைத் தாழ்த்தி) இந்த விளக்கத்தை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. நான் ஒரு கட்டுரை எழுதிக்கொள்கிறேன். அது போகட்டும், கஞ்சியால் மினுக்கம் வராது என்றால் எதனால்தான் வரும்?

மாடசாமி: உழுது போட்ட வயலில் வானம் தெரியுமா, ஐயா? தெரியாது. தண்ணீர் கட்டிப் பரம்படித்துச் சமன்செய்த வயலில் தெரியும். பருத்தித் துணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் நிற்கின்றன. இழைகளுக்கு இடையில் பள்ளங்கள் இருக்கின்றன. அதில் படும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிவிடுவதால்தான் வேட்டி சுவர் போலத் தெரிகிறது. மெல்லிய கஞ்சி பிசிறை ஒட்டவைத்துப் பள்ளத்தை நிரப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு மேல் பரம்படிப்பது பெட்டி.

ஐயா: அருமையான உவமை. உனக்கு அந்தத் தேர்வில் 31 மதிப்பெண் போட்டது நான்தானா?

மாடசாமி: 29, ஐயா.

(பேச்சை மாற்றும் பொருட்டு மாடசாமி சிரட்டைக் கரியின் சாம்பலை விசிறியால் ஊதி, ஏழு கிலோ எடையுள்ள பித்தளைப் பெட்டியைத் தூக்கி, அதன் அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். 'சுர்' என்று ஓசை எழுகிறது.)

மாடசாமி: கஞ்சி சூடாக இருக்கும்போதே போராக்ஸ் எனப்படும் வெண்காரம் ஒரு சிட்டிகையும், கடலைப்பருப்பு அளவுக்கு வெள்ளை மெழுகும் போட்டுக் கலக்கிவிட வேண்டும். பெட்டி துணியில் ஒட்டாமல் வழுக்கிப் போவதற்கு இவை உதவும். மெழுகு மேற்பரப்பில் மெல்லிய பூச்சாகவும் படியும். மெழுகுக்கு ஆசைப்பட்டு அளவை மீறினால் வேட்டியில் எண்ணெய்க் கறை போலத் திட்டுத் திட்டாக நிற்கும். சிலர் கருவேலம் பிசினை ஊறவைத்து வடிகட்டிக் கஞ்சியோடு சேர்ப்பார்கள். அதுவும் நல்ல மினுக்கம் தரும்.

ஐயா: நீலம்?

மாடசாமி: இரண்டு சொட்டு நீலம் போட்டால் மஞ்சள் சாயல் மறையுமே தவிர, மினுக்கம் வராது. இனிமேல்தான் முக்கியமான கட்டம். துணியை முழுவதும் காயவைத்து, நீர் தெளித்து, பாய் போலச் சுருட்டி அரைமணி நேரம் வைத்தால்தான் ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பரவும். அந்த ஈரம் காயும்வரை முதல் தேய்ப்பு. பிறகு பலகையின் மேல் உள்ள இந்தக் கம்பளியை எடுத்துவிடுவேன்.

ஐயா: கம்பளியை ஏன் எடுக்கிறாய்?

மாடசாமி: மெத்தைமேல் வைத்துச் சப்பாத்தி தேய்க்க முடியுமா, ஐயா? அடியில் கடினமான பலகை இருந்தால்தான் அழுத்தம் துணியில் இறங்கும். பெட்டியின் அடியை வாழையிலையில் ஒருமுறை தேய்த்துக்கொண்டு, துணியை ஈரத்துணியால் இலேசாக ஒற்றி, பெட்டியின் பின்முனையை மட்டும் ஊன்றி, ஒரே திசையில், நிற்காமல் விரைவாக இழுப்பேன். ஒரு நொடி நின்றாலும் கஞ்சி கருகிப் பழுப்பேறிவிடும். பாருங்கள்.

(தயாராக இருந்த ஒரு துண்டை விரித்துத் தோள் வலிக்க இழுக்கிறார். ஏழாவது இழுப்பில் துண்டின் ஓரத்தில் வேப்பிலைகளின் நிழலுக்கு நடுவே ஒரு வெண்மையான ஒளி எழுகிறது. ஐயா தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார்.)

ஐயா: அடடா! சம்பந்தியின் வேட்டி இதற்கு முன்னால் எம்மாத்திரம்! அவருடைய வேட்டியும் இவ்வாறு தேய்க்கப்பட்டதுதானா?

மாடசாமி: அவர் நடந்து போகும்போது வேட்டியில் சத்தம் வந்ததா, ஐயா?

ஐயா: இல்லை, வழவழவென்று காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மாடசாமி: அப்படியானால் அது பாலியெஸ்டர் கலந்த வேட்டி. அதற்குத் தேய்ப்பும் வேண்டாம், நானும் வேண்டாம்.

ஐயா: (பெருமூச்சுடன்) என் வீட்டில் இதை நம்பவைக்க முடியாது. சரி, கூலி எவ்வளவு?

மாடசாமி: சாதாரணத் தேய்ப்புக்கு 20 ரூபாய். இதற்கு 100 ரூபாய். தோளுக்குத் தைலம் வாங்க வேண்டும், ஐயா.

ஐயா: தந்துவிடுகிறேன். விழா காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம் நடக்கும். அதுவரை இந்த மினுக்கம் நிற்கும் அல்லவா?

மாடசாமி: தாங்களும் நின்றால் அதுவும் நிற்கும், ஐயா.

ஐயா: என்ன சொல்கிறாய்?

மாடசாமி: கஞ்சிக்கு ஈரம் ஆகாது. வியர்வை பட்ட இடத்திலும் மடிந்த இடத்திலும் பூச்சு உடைந்துவிடும். உட்கார்ந்து எழுந்தால், உட்கார்ந்த இடத்தில் மினுக்கம் இருக்காது.

ஐயா: காற்சட்டையில் மட்டும் உட்கார உட்கார மினுக்கம் வருகிறதே!

மாடசாமி: வரும், ஐயா. வந்தால் போகவும் போகாது.

(ஐயா மஞ்சள் பைக்குள் கையை விட்டு, அந்தக் கறுப்புக் காற்சட்டையை எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.)

ஐயா: மாடசாமி, நிச்சயதார்த்தத்துக்குக் காற்சட்டை அணிந்து போனால் யாரேனும் தவறாக நினைப்பார்களா?

மாடசாமி: நினைக்க மாட்டார்கள், ஐயா. ஆனால் சம்பந்தி அந்த மினுக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், தாங்கள் மூன்று மணி நேரமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.