மூளை இல்லை என்று எந்த எண் சொன்னது?

முந்தாநாள் ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிந்ததிலிருந்து, நம் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடுபவர், ஒருவரின் எண்களைச் சிவப்புக் கட்டத்தில் போட்ட அந்த அட்டையைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். எந்த விங்கர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டைக்கு மேலே ஒரு வரி: "திறமையும் இல்லை, மூளையும் இல்லை, எண்ணே சொல்லிவிட்டது." எண் அப்படி எதையும் சொல்லவில்லை. எழுதியவர் சொன்னார்.

அட்டையில் இருக்கும் கோர்சி என்ற எண் எதை எண்ணுகிறது? ஒருவர் பனித்தளத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது இரண்டு அணியும் கோலை நோக்கி அடித்த எல்லாவற்றையும். கோல் காக்கும் கோலியிடம் போனது, வெளியே போனது, நடுவில் தடுக்கப்பட்டது எல்லாமே சேர்த்தி. கூட ஆடும் நான்கு பேர் அடித்ததும், எதிரணி ஐந்து பேர் அடித்ததும் அவர் கணக்கில்தான் ஏறும். இந்தப் பெயருக்குரிய ஜிம் கோர்சி, பஃபலோ சேபர்ஸ் அணியின் கோலிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். கோலிக்கு எவ்வளவு வேலை என்று பார்க்க வந்த கணக்கு இது. அதை வைத்து விங்கரின் மூளையை அளக்கிறீர்கள்.

நானும் ஆறு குளிர்காலம் இடது விங்கில் ஆடியவன், பொழுதுபோக்கு லீகில்தான். சொந்தப் பகுதியில் முதுகைப் போர்டில், அதாவது தளத்தைச் சுற்றியுள்ள தடுப்பில், ஒட்டி நிற்பேன், பக் என்ற ரப்பர் வட்டு போர்டை உரசிக்கொண்டே வரும், அது ஸ்டிக்குக்கு வந்து சேர்வதற்குள் எதிராளி எங்கள் பகுதியின் எல்லையான ப்ளூ லைனிலிருந்து இறங்கித் தோளில் மோதுவான். நடுவில் ஆடும் சென்டர் எங்கே என்று அதற்கு முன்பே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஆள் அகப்படவில்லையென்றால் பக்கைப் போர்டுக்கு மேலுள்ள கண்ணாடியில் அடித்து எங்கள் பகுதிக்கு வெளியே தள்ளிவிடுவேன். சீசன் முடிவில் அணியில் ஒருவர் என் எண்கள் இருந்த தாளை நீட்டி, "பக்கை வைத்துக்கொண்டு வெளியே வருவதே இல்லை, பயந்தாங்கொள்ளி" என்றார், எல்லார் முன்னாலும். நடுவில் பறிகொடுத்திருந்தால் நேரே கோல் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. இன்னும் எனக்கு அது ஆறவில்லை. சரி, அதை விடுங்கள்.

எண்ணே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை, இல்லவே இல்லை. பக்கை வைத்துக்கொண்டே எதிரணிப் பகுதிக்குள் நுழைந்தால், உள்ளே அடித்துவிட்டுத் துரத்துவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஷாட் கிடைக்கும் என்று எரிக் டுல்ஸ்கி எண்ணித்தான் காட்டினார். வேதியியல் படித்த அவர் 2024-இல் கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் பொது மேலாளரே ஆனார். அது எந்த ஆட்டமுறை பலன் தரும் என்ற கணக்கு. யாருக்கு அறிவு இருக்கிறது என்று அவர் அதில் தேடவில்லை. கூட ஆடுபவரையும் எதிராளியையும் கழித்துப் பார்க்கும் மாடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், கழித்தபின் மிஞ்சுவது மூளையா?

இன்னொரு விங்கர் மார்க் ஸ்டோனைப் பாருங்கள். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-இல், 178-வது ஆள், வேகமான ஸ்கேட்டர் என்று யாரும் சொன்னதில்லை. எதிராளி பாஸ் போடப்போகும் வழியில் அவர் ஸ்டிக் முன்கூட்டியே இருக்கும். 2023 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரை முடித்த ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்தார், முதல் கோல் தன் அணியில் ஆள் குறைவாக இருந்தபோது. பறித்ததை எண்ணலாம். பறிப்பதற்கு இரண்டு விநாடி முன்னால் அவர் பார்த்ததை எப்படி எண்ணுவீர்கள்?

முந்தாநாள் ஆட்டத்தின் இரண்டாவது பீரியடை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நம் டிஃபென்ஸ்மேன் முன்னால் ஏறிப் போய்விட்டார், ப்ளூ லைனில் இடம் காலி. நம் விங்கர் பக்கை விட்டுவிட்டுப் பின்னால் போய் அங்கே நிற்கிறார். அந்தப் பக்கம் பாஸ் போட ஸ்டிக்கைத் தூக்கிய எதிராளி அப்படியே நிறுத்திவிடுகிறான். ஷாட் எதுவும் நடக்கவில்லை, அதனால் அட்டையில் ஒன்றும் ஏறவில்லை.

அட்டையை நீக்கச் சொல்லவில்லை. மேலே எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.