காயம்பட்டவனுக்கென்று தனியாக ஒரு ஹெலிகாப்டர்

போர்ச் செய்தி வந்தால் எல்லாரும் எந்த விமானம், எந்த ஏவுகணை என்றுதான் பேசுகிறோம். அடிபட்டு விழுந்தவனை யார் தூக்கினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

வியட்நாமில் அமெரிக்க ராணுவத்துக்குள்ளேயே இதற்காக ஒரு மல்லுக்கட்டு நடந்தது. 1962இல் 57வது மருத்துவப் பிரிவு ஐந்து ஹ்யூயி ஹெலிகாப்டர்களோடு அங்கே போய் இறங்கியது. காயம்பட்டவர்களை ஏற்றி வருவது ஒன்றுதான் அதன் வேலை. பிற்பாடு ரேடியோவில் ‘டஸ்ட்ஆஃப்’ என்று கூப்பிட்டால் இவர்கள்தான். மேலே இருந்தவர்களுக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. ஹெலிகாப்டர்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்போது மருத்துவ உதவிக்கான செஞ்சிலுவைச் சின்னத்தை மாட்டிக்கொள்ளலாம் என்பது பிரிகேடியர் ஜெனரல் ஸ்டில்வெல்லின் யோசனை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டை முற்றும்போதுதான் தோட்டாவும் தீரும், ஆட்களும் விழுவார்கள். அந்த நேரத்தில் பொது ஹெலிகாப்டர் எதற்கு முதலில் ஓடும்?

1964 தொடக்கத்தில் பிரிவின் தலைமைக்கு வந்த மேஜர் சார்லஸ் கெல்லி இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மேகாங் டெல்டாவில் சோக் ட்ராங்கில் முகாமிட்டு, ராத்திரிகளில் காவல் நிலைகளுக்கு மேலே சுற்றி வந்து, ஏற்ற வேண்டியவர்கள் இருக்கிறார்களா என்று அவராகவே கேட்டுக்கொண்டு போனார். 1964 ஜூலை 1, வின் லாங் அருகே சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு. திரும்பிப் போய்விடுங்கள் என்று கீழிருந்து சொன்னார்கள். “உங்க ஆட்களை ஏத்தின பிறகு” என்றார். திறந்திருந்த கதவு வழியாக வந்த குண்டு அவர் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகு அந்தச் சின்னம் மாட்டும் யோசனையை யாரும் எடுக்கவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன். கீழே இருப்பவர்கள் வண்ணப் புகைக்குண்டு வீசுவார்கள். என்ன வண்ணம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் எதிரியும் அதே வண்ணத்தை வீசி ஏமாற்றுவான். விமானி பார்த்துச் சொல்வார், கீழே ஆமாம் என்பார்கள், அப்புறம்தான் இறங்குவது. கொரியப் போரில் ஹெலிகாப்டருக்கு வெளியே ஸ்ட்ரெச்சரைக் கட்டிக் கொண்டுபோனார்கள். பறக்கும்போது யாரும் கை வைக்க முடியாது. ஹ்யூயிக்குள் மருத்துவ உதவியாளர் மண்டியிட்டு உட்கார்ந்து, போகிற வழியிலேயே ரத்தத்தை நிறுத்தப் பார்ப்பார். பிழைத்தவர்கள் பலர் அங்கேயே பிழைத்தவர்கள்.

அதே மல்லுக்கட்டு ஆப்கானிஸ்தானிலும் வந்தது. காயம்பட்ட அமெரிக்க வீரரை ஆஸ்பத்திரியில் சேர்க்க இராக்கில் ஒரு மணி நேரம் என்றிருந்த கெடு அங்கே இரண்டு மணி நேரமாக இருந்தது. 2009இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 60 நிமிடம்தான் என்று கண்டிப்பாக உத்தரவு போட்டு, கூடுதல் ஹெலிகாப்டர்களையும் அறுவை சிகிச்சைக் குழுக்களையும் அனுப்பினார். வழக்கமாக 90 நிமிடம் பிடித்தது 43 ஆனது. காயம்பட்டவர்களில் இறந்தவர்கள் 13.7 சதவீதத்திலிருந்து 7.6க்கு இறங்கினார்கள். ரத்தம் ஏற்றும் முறை, கட்டுப் போடும் முறை எல்லாம் மாறியதும் இதில் சேரும். ஆனாலும் அந்த உத்தரவு இல்லாமல் இது நடந்திருக்காது என்பதே என் கருத்து.

நம் கார்கிலில் சின்னஞ்சிறு சீட்டா ஹெலிகாப்டர்கள் வேவும் பார்த்தன, சாமானும் இறக்கின, காயம்பட்டவர்களையும் கொண்டுவந்தன. அந்த விமானிகளுக்குக் கைகூப்புகிறேன். மூன்று வேலையை ஒன்றின் தலையில் கட்டியதை மட்டும் என்னால் பாராட்ட முடியாது.

இன்று உக்ரைன் போர்முனையில் ஹெலிகாப்டர் கிட்டே போகவே முடியவில்லை. எதிரியின் ஏவுகணையும் ட்ரோனும் அதை நெருங்க விடுவதில்லை. ரத்தத்தை நிறுத்த இறுக்கிய பட்டை மணிக்கணக்கில் அவிழ்க்கப்படாமல் கிடந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய கால்களை வெட்டி எடுக்கிறார்கள். ஆளில்லாத சிறு வண்டிகளை அனுப்பி ஆட்களை இழுத்து வருகிறார்கள். அதே வண்டிகளில் பல, போகும்போது தோட்டாவையும் சாமானையும் சுமந்துதான் போகின்றன. அங்கேயும் சில வண்டிகளையாவது காயம்பட்டவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும்.