பதினாறு வயதோடு நிற்கிற காசு

இங்கிலாந்தில் பிள்ளை பதினாறு வயதில் ஜி.சி.எஸ்.இ. பொதுப் பரீட்சை எழுதுகிற வருடத்தில் பெற்றோருக்கு வரித் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வரும். பிள்ளை செப்டெம்பருக்குப் பிறகும் படிக்கிறதா இல்லையா என்று கேட்டிருப்பார்கள். பதில் போடாவிட்டால், பிள்ளை வளர்ப்புக்கென்று அரசு கொடுக்கிற சைல்ட் பெனிபிட் ஓகஸ்ட் 31ஓடு நின்றுவிடும். அந்தக் கடிதத்தை மின்சார பில்லுகளோடு சேர்த்து மூலையில் வைத்துவிட்டு, பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். ஆனால் அது தீர்க்கக்கூடிய பிரச்சினை, போனில் இருக்கும் செயலியிலேயே பதில் போட்டுவிடலாம். நான் எழுத வந்தது ஒழுங்காகப் பதில் போட்டும் காசு நிற்கிற வீடுகளைப் பற்றி. பிள்ளை சிக்ஸ்த் ஃபார்ம் என்ற மேல்வகுப்புக்குப் போகாமல், சம்பளத்தோடு தொழில் பழகுகிற அப்ரென்டிஸ்ஷிப்புக்குப் போகிற வீடுகளைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறுக்குப் பிறகு சைல்ட் பெனிபிட் தொடர வேண்டுமென்றால் பிள்ளை அரசு ஏற்றுக்கொண்ட முழுநேரப் படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக 12 மணிநேரத்துக்கு மேல் வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ லெவல், தொழில்நுட்பம் சார்ந்த டி லெவல், மூன்றாம் நிலை வரையான தொழிற்படிப்பு எல்லாம் இதில் வரும், 20 வயது வரை போகலாம். பல்கலைக்கழகம் இதில் வராது. கம்பஸ் போனாலும் படிப்புத்தானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, பட்டப்படிப்பு தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கான சைல்ட் பெனிபிட் முடிந்தது. முதலாளி சம்பளம் கொடுத்துப் பழக்குகிற அப்ரென்டிஸ்ஷிப்பும் இங்கிலாந்தில் வராது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கிற யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கென்று வரும் பங்குக்கும் கிட்டத்தட்ட இதே வேலிதான்.

இதை வெறும் விதியாகப் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. எங்கள் தெருவில் தனியாக மகனை வளர்க்கிற ஒரு அக்கா, முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. மகனுக்குப் புத்தகத்தில் மனம் இல்லை, ஆனால் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் வீட்டில் பழுதான எதையும் விடமாட்டான். போன வருடம், 2025 கோடையில், அவனுக்கு எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ்ஷிப் கிடைத்தது. நாலு நாள் வேலைத்தளம், ஒரு நாள் காலேஜ். அந்தச் செய்தியை அக்கா சொன்ன நேரம் முகம் முழுக்கச் சந்தோசம். பிறகு இருவரும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

2025-26 கணக்கில் முதல் பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிட் வாரம் 26.05 பவுண்ட், மாதமாகப் பார்த்தால் 113 அளவில். அது போகும். யூனிவர்சல் கிரெடிட்டில் 2017 ஏப்ரலுக்கு முன் பிறந்த முதல் பிள்ளைக்கு மாதம் 339 பவுண்ட். அதுவும் போகும். பலருக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இருக்கிறது: வாடகை உதவி எடுக்கும் பெற்றோரின் சம்பளத்தில், அந்த வருடக் கணக்கில், மாதம் முதல் 411 பவுண்டில் கை வைக்கமாட்டார்கள், அதற்கு மேலே வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். ஒரே பிள்ளை கணக்கிலிருந்து போனதும் அந்த 411 சலுகையும் சேர்ந்து போய்விடும், அதாவது மாதம் இன்னொரு 226. மூன்றையும் கூட்டினால் 678 பவுண்ட். அதே வாடகை, அதே சம்பளம், அதே குளிர்கால ஹீட்டிங்.

காசு நின்ற விதமும் கொடுமை. யூனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கில் ஓடுவது, நடுவில் ஏதாவது மாறினால் அந்த முழு மாதத்துக்கும் மாறினதாகவே எடுப்பார்கள். அக்காவின் மாதம் 12ஆம் திகதி தொடங்கி அடுத்த 11இல் முடியும். மகன் கணக்கிலிருந்து விழுந்தது செப்டெம்பர் 1. ஆனால் ஓகஸ்ட் 12இலிருந்தே அவன் இல்லாத மாதிரிக் கணக்குப் பார்த்து, செப்டெம்பர் 18 வர வேண்டிய காசைக் குறைத்துவிட்டார்கள். மகனுக்கு அதற்குள் முதல் முழுச் சம்பளம்கூடக் கைக்கு வரவில்லை, சேஃப்டி பூட்ஸும் டூல்ஸும் வாங்க அக்காதான் யாரிடமோ கைமாற்று வாங்கினார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பெடியன் சம்பளம் எடுக்கிறானே, பிறகு எதற்கு உதவி? சரி, அந்தச் சம்பளத்தையும் பார்ப்போம். அப்ரென்டிஸுக்குக் குறைந்தபட்சக் கூலி 2025-26இல் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. வாரம் 37 மணிநேரம் என்றால் மாதம் 1,210 அளவில், வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் போனால் கையில் 1,165. அதிலிருந்து அம்மா இழந்த 678ஐக் கழியுங்கள். வீட்டுக்குக் கூடுதலாக வருவது 490 பவுண்ட்கூட இல்லை. மாதம் 160 மணிநேரம் வேலை செய்கிற பதினாறு வயதுப் பிள்ளையால் அந்த வீட்டுக்கு வருகிற லாபம் மணிக்கு மூன்று பவுண்ட் சொச்சம். அவனுடைய பஸ் காசும் மதியச் சாப்பாடும் அதற்குள்ளேதான்.

இதே பிள்ளை சிக்ஸ்த் ஃபார்மில் பெயரைப் பதிந்துவிட்டு சனி ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டில் நின்று உழைத்தால் அம்மாவின் உதவியில் ஒரு பென்னிகூடக் குறையாது, பிள்ளையின் பகுதிநேர வருமானத்தை யூனிவர்சல் கிரெடிட் பார்ப்பதே இல்லை. ஆகவே உழைப்பதும் சம்பாதிப்பதும் இங்கே தடையாக இல்லை. எந்த வகைப் படிப்பு என்பதுதான் தடை. வசதியான வீட்டுப் பிள்ளை அப்ரென்டிஸ்ஷிப் எடுத்தால் அது அவனுடைய சொந்தத் தெரிவு. வாடகைக்கு உதவி எடுக்கும் வீட்டுப் பிள்ளை எடுத்தால் அது அம்மாவின் வாடகையோடு மோதுகிறது. மனம் இல்லாத ஏ லெவலில் போய் உட்கார்ந்து, பாதியில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கணக்குக்காகப் போனவர்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வெளியில் யாரும் சொல்லமாட்டார்கள், காசுக்காகப் பிள்ளையின் விருப்பத்தை மாற்றினோம் என்று சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்?

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் பிள்ளைகள் 2013இலிருந்து 17 வரையும், 2015இலிருந்து 18 வரையும் படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தே ஆக வேண்டும். அந்தச் சட்டம் அப்ரென்டிஸ்ஷிப்பை ஒரு சரியான வழி என்று தெளிவாக ஏற்கிறது. அதாவது கல்வித் திணைக்களத்துக்கு இந்தப் பெடியன் இன்னும் பயிற்சியில் இருக்கும் பிள்ளை. பெனிபிட் கணக்குக்கு மட்டும் வளர்ந்த ஆள். ஒரே அரசாங்கம் ஒரே பிள்ளையை இரண்டு விதமாக எண்ணுகிறது, இரண்டிலும் செலவு குடும்பத்தின் தலையில். படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண்ட் வரை கொடுத்துவந்த ஈ.எம்.ஏ.யையும் இங்கிலாந்தில் 2011இல் மூடிவிட்டார்கள். வேல்ஸ் அதை வைத்திருப்பதோடு வாரம் 40 ஆக்கியும் இருக்கிறது, ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இன்னும் 30 கொடுக்கிறார்கள்.

இந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்பதையும் பேச வேண்டும். 1945இல் குடும்பக் கொடுப்பனவுச் சட்டம் வந்தபோது அந்தக் காசை அம்மாவின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று எம்.பி. எலினோர் ராத்போன் பாராளுமன்றத்தில் போராடி வென்றார். எழுபதுகளில் அது சைல்ட் பெனிபிட்டாக மாறியது. எங்கள் வீடுகளில் எத்தனையோ பெண்களுக்கு அவர்கள் பெயரில், அவர்கள் கணக்கில், யாரையும் கேட்காமல் வந்த முதல் காசே இதுதான். ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பியது, சீட்டுக் கட்டியது, மகளின் பரதநாட்டிய வகுப்பு எல்லாம் அதில் நடந்தது. அது நின்று, பதிலுக்கு மகனிடம் ஒவ்வொரு மாதமும் கை நீட்ட வேண்டிய நிலை வருவது மேலே போட்ட கூட்டல் கழித்தலில் தெரியாது. பதினாறு வயதில் வீட்டு வாடகைக்குப் பொறுப்பான பிள்ளைக்கும் அது தெரியும். வேலை பிடிக்கவில்லை, முதலாளி மோசம் என்றாலும் விட்டுவர மாட்டான்.

படிப்பும் இல்லை, வேலையும் கிடைக்கவில்லை என்ற பிள்ளையின் வீடு இதைவிட மோசம். அம்மாவின் காசு நிற்கும். பிள்ளை தன் பெயரில் யூனிவர்சல் கிரெடிட் கேட்கலாமென்றால் 16, 17 வயதில் சில விசேட காரணங்கள் இல்லாமல் முடியாது. பிரிந்துபோன அப்பாவிடமிருந்து வரும் பராமரிப்புக் காசும் பெரும்பாலும் சைல்ட் பெனிபிட்டோடு கட்டப்பட்டது, ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 18 வயது வரை பயிற்சியில் இருப்பது கட்டாயம் என்றால், 18 வயது வரை அப்ரென்டிஸையும் குடும்பத்தின் பிள்ளையாகவே கணக்கில் வைத்திருங்கள். முழுவதும் முடியாதென்றால் முதல் வருடமாவது வைத்திருங்கள், அதுவும் முடியாதென்றால் ஒரே மாதத்தில் வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள். தமிழரான உமா குமரன் இப்போது பாராளுமன்றத்தில் இருக்கிறார், லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங் என்று எங்கள் வாக்குகளுக்குக் கனம் உள்ள தொகுதிகள் எத்தனையோ. தேர்தல் நேரம் கோயில் வாசலில் கைகூப்பி நிற்பவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்போம்: அப்ரென்டிஸ்ஷிப் நல்லது என்று மேடையில் சொல்கிறீர்களே, அதை எடுத்த பிள்ளையின் அம்மாவுக்கு ஏன் 678 பவுண்ட் அபராதம்?

அதுவரைக்கும், இந்த வருடம் ஜி.சி.எஸ்.இ. எழுதுகிற பிள்ளை உள்ளவர்கள் சிலதைக் கவனியுங்கள். சைல்ட் பெனிபிட்டுக்கு அறிவித்தால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் தானாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் தனியாக அறிவிக்க வேண்டும். படிப்பை விட்ட 16, 17 வயதுப் பிள்ளை கேரியர்ஸ் சேவையில் பதிந்து, வாரம் 24 மணிநேரத்துக்குக் குறைவாக வேலை செய்தால், சைல்ட் பெனிபிட்டை 20 வாரம் நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். தனியாக இருக்கும் பெற்றோருக்கு வீட்டுக்கான உள்ளூராட்சி வரியான கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் 25 சதவீதக் கழிவு, பிள்ளைக்கு 18 ஆகி சைல்ட் பெனிபிட்டும் நின்றால் போகக்கூடியது. ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு பள்ளியை முடித்த, இருபது வயதுக்குக் குறைந்த பிள்ளையை நவம்பர் 1 வரை வளர்ந்த ஆளாக எண்ணக்கூடாது, முழுநேர மாணவராகப் பல்கலைக்கழகம் போனால் பிறகும் எண்ணக்கூடாது. கவுன்சில் பில்லைக் கூட்டி அனுப்பினால் கட்டுவதற்கு முன் இதைச் சொல்லிக் கேளுங்கள்.