ரோஜருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை 'தி கோல்டன் காம்பஸ்' திரையிடலில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள், குழுவில் ஓடிய பேச்சையும் படித்திருப்பீர்கள். படத்தின் முடிவைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "குழந்தைங்க படத்துக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா" என்று ஒருவர் சொல்ல, பாதிப் பேர் சிரித்தார்கள். இரண்டு நாளாக அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை.

'தி கோல்டன் காம்பஸ்' மோசமான படம் என்று நான் சொல்லவே இல்லை. மனிதர்களின் உயிர் ஒரு விலங்காக வெளியே கூடவே வருகிறது, பிள்ளைகளின் விலங்கு மட்டும் நினைத்தபோது உருவம் மாறுகிறது. அதைத் திரையில் நம்ப வைத்த வேலைக்கு ஆஸ்கர் கொடுத்தது சரிதான். நிக்கோல் கிட்மன் தன் குரங்கை அறைந்துவிட்டு உடனே அணைத்துக்கொள்ளும் இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் கதையை முடிக்கவில்லையே! பிலிப் புல்மேன் 1995இல் எழுதிய மூல நாவலில், கதாநாயகியான சிறுமி லைரா பனியையும் கரடிகளையும் தாண்டிப் போய் மீட்ட தோழன் ரோஜரை அவளுடைய அப்பாவே பலி கொடுக்கிறார். அந்தக் காட்சிகளை எடுத்தும் முடித்துவிட்டு, அடுத்த பாகத்துக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். 2007இல் படம் வந்தது, அடுத்த பாகம் வரவே இல்லை. இரண்டு பிள்ளைகளும் லைராவின் அப்பாவைத் தேடி நம்பிக்கையோடு வானில் பறந்து போவதோடு படம் முடிகிறது. நாவலில் உயிர் விலங்கைப் பறிகொடுத்த ஒரு சிறுவன் அதற்குப் பதிலாகக் காய்ந்த மீன் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பான், பிறகு இறந்தும்போவான். படத்தில் அந்த மீனும் இல்லை, சாவும் இல்லை. கரடியின் தாடை பெயர்ந்து பறப்பதை மட்டும் காட்டலாமாம். அடிதடியைப் பார்க்கலாம், துக்கத்தைப் பார்க்கக் கூடாது என்றால் இது என்ன கணக்கு?

"படம் வேறு, புத்தகம் வேறு" என்கிறீர்கள். சரி. கரடிகளின் பகுதியை முன்னால் கொண்டுவந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா? "18 கோடி டாலர் போட்டவனுக்குத்தான் பயம் தெரியும்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் கத்தோலிக்க அமைப்பு ஒன்று படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது எனக்கும் தெரியும். அதற்காகக் கதையை முடிக்காமல் விடுவதா?

"பிஞ்சு மனசு தாங்காது" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் அப்பாயி எனக்கு ஏழு வயதில் நல்லதங்காள் கதை சொன்னாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள், கடைசிப் பையன் அம்மா காலைப் பிடித்துக் கெஞ்சுவது வரைக்கும். அழுதுகொண்டே அவள் முந்தானையைப் பிடித்தபடி தூங்கிப்போனேன். மறுநாள் அதே கதையைத்தான் மறுபடி கேட்டேன். அவள் என்னை நம்பினாள், அவ்வளவுதான். நீங்கள் ஏன் உங்கள் பிள்ளைகளை நம்ப மாட்டேன் என்கிறீர்கள்?

படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் "அவங்க அப்பாவைப் பார்த்தாங்களா, அங்கிள்?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் அவன் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டான். தம்பி, பார்த்தார்கள். அடுத்த வாரம் வா, புத்தகத்தை எடுத்துவைத்திருக்கிறேன், கடைசி மூன்று அத்தியாயங்களையும் சேர்ந்தே படிப்போம்.