டெலிவரி ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வந்துவிடவில்லை

“2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்துவிட்டன, இனி டெலிவரி ஊழியர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப். எல்லாம் உண்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். தேதி சரி. மற்றது சரியில்லை.

அந்தப் புதிய சட்டங்களில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டம், 2020, டெலிவரி ஊழியர் போன்ற ‘கிக்’ தொழிலாளரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்றுதான் வரையறுக்கிறது. சிக்கலே அங்கேதான். ஊழியர் என்று ஏற்காதவரை குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம், வார விடுமுறை எதையும் கேட்க வழியில்லை. ஹோட்டல் வாசலில் பார்சலுக்காக அரை மணி நேரம் நின்றாலும், வேளச்சேரியில் கொடுத்துவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினாலும் அந்த நேரத்துக்குக் கூலி தந்தாக வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை.

உண்மையில் கிடைத்தது வேறு. டெலிவரி ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும்; அதுவும் இந்தத் தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. விபத்துக் காப்பீடு, மருத்துவ உதவி போன்ற திட்டங்களை அதிலிருந்து அரசு வகுக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனால் அது சம்பளம் ஆகாது.

அப்புறம், தமிழ்நாட்டில் இவர்களுக்கென 2023 டிசம்பரிலேயே தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. தெரிந்த ரைடர் யாராவது இருந்தால் அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.