பச்சைக் கோடு நகருதா இல்லையான்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன்

மறுபடியும் ஹேங். மை கம்ப்யூட்டரை டபுள் கிளிக் பண்ணேன், அவ்ளோதான். அட்ரஸ் பார்ல அந்தப் பச்சைக் கோடு விறுவிறுன்னு ஓடி, முடியப் போற நேரத்துல நிக்கும் பாருங்க, அதுக்கப்புறம் நகருதா இல்லையான்னு கண்ணைச் சுருக்கிட்டுத்தான் பாக்கணும். விண்டோஸ் 7 மெஷினோட மல்லுக்கட்டுனவங்களுக்கு இதைத் தனியா சொல்லத் தேவையில்ல. கொஞ்ச நேரத்துல விண்டோ வெளுத்துப் போகும், மேல நாட் ரெஸ்பாண்டிங்னு வரும். அட, அப்படியா? நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்.

மெஷின்காரர் பின்னாடியே நின்னுட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு, நீங்க சர்வர் மாத்துனதுல இருந்துதான்..." சர்வர் மாத்தி எவ்ளோ நாளாச்சுன்னு கேட்டா சிரிக்கிறாரு.

புது சர்வர் பிங் ஆகுது, கூப்பிட்டா பதில் சொல்லுது. ஃபைல் ஷேரிங் நடக்குற 445 போர்ட்டும் திறந்திருக்கு. பக்கத்து சீட்டு புது மெஷின்ல அதே ஃபோல்டர் பட்டுன்னு வருது. சரின்னு சிஎம்டில, எந்த நெட்வொர்க் டிரைவ் எங்க மாட்டியிருக்குன்னு காட்டுற நெட் யூஸ் கமாண்டை அடிச்சுப் பாத்தா, ஆங், இசட் டிரைவ், அன்அவெய்லபிள். எப்பவோ கழட்டி மூலைல போட்ட பழைய சர்வருக்குப் போட்ட மேப்பிங், அதாவது அந்த சர்வர் ஃபோல்டரை இந்த மெஷின்ல ஒரு டிரைவா காட்டுற இணைப்பு. ஆனா அந்த சர்வர் பேரு, பேரைச் சொன்னா ஐபி அட்ரஸ் சொல்ற டிஎன்எஸ்ல இன்னும் உயிரோட இருக்கு, அந்த ரெக்கார்டை எடுக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. பேரைக் கேட்டா ஐபி வருது, ஐபில ஆளு இல்ல. இந்த மெஷின் என்ன பண்ணுது, போய் கதவைத் தட்டுது, 3 செகண்ட் நிக்குது, திரும்பத் தட்டுது, 6 செகண்ட் நிக்குது, திரும்பவும் தட்டிட்டு 12 செகண்ட் நிக்குது, மொத்தம் 21 செகண்ட் கழிச்சுத்தான் வீட்ல யாரும் இல்லன்னு அதுக்கு உறைக்குது, அதுவும் அந்த ஒரு தடவைக்கு மட்டும், அடுத்த கிளிக்குக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

காத்திருந்துட்டுப் போ, எனக்கென்ன. ஆனா டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் பட்டனையும் எதுக்குடா கூட இழுத்துட்டுப் போற? எல்லாத்தையும் ஒரே எக்ஸ்ப்ளோரர் ப்ராசஸ்ல கட்டி வெச்சிருக்கானுங்க, அதனால செத்துப்போன ஒரு டிரைவுக்காக மொத்த டெஸ்க்டாப்பும் துக்கம் அனுஷ்டிக்குது. "இந்த சர்வர் கிடைக்கல"ன்னு உடனே ஒரு வரி வந்திருந்தா நான் எப்பவோ கிளம்பியிருப்பேன்.

இசட்டை டெலீட் பண்ணேன். ரீஸ்டார்ட். மை கம்ப்யூட்டர் சும்மா ஜம்முனு திறந்துச்சு. பைய எடுத்து மாட்டுறேன், அவரு எக்ஸெல்ல ஃபைல் ஓப்பன் போனாரு, ஹேங். என்னடான்னா ரீசன்ட் லிஸ்ட்ல பழைய சர்வர் பாத் வரிசையா நிக்குது. அதைத் துடைச்சா டெஸ்க்டாப்ல ஷார்ட்கட்டுங்க, அந்த ஐக்கான் படத்தை வரையவே இல்லாத சர்வரைத் தேடிப் போகுது. அங்க பதில் வரலன்னு விடுதா, வெப்கிளையன்ட் சர்வீஸ் ஓடிட்டிருந்தா வெப் வழியா ஃபைல் எடுக்குற வெப்டேவ்லயும் ஒரு ரவுண்டு தேடும். தேடு ராசா, நல்லா தேடு. எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலைல வந்தா இசட் டிரைவ் பழைய இடத்துலயே உக்காந்திருக்கு. லாகான் ஸ்கிரிப்ட்! யாரோ ஒரு புண்ணியவான் என்னைக்கோ எழுதி வெச்சுட்டுப் போன, லாகான் பண்ணும்போதெல்லாம் தானா ஓடுற ஸ்கிரிப்ட், தினமும் காலைல தவறாம அந்தப் பொணத்தைத் தூக்கி நிறுத்திட்டு இருக்கு.

இதுல யோசனை சொல்றதுக்குன்னே ஒரு கூட்டம். "பழைய மெஷின்தானே, சர்வர்ல எஸ்எம்பி1 ஆன் பண்ணி விடுங்க, சரியாயிடும்." எஸ்எம்பி1ன்னா நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற பழைய முறை. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் ஊரையே சுத்துனது எந்த ஓட்டை வழியான்னு ஞாபகம் இருக்கா இல்லையா? மைக்ரோசாஃப்ட்காரனே அதே வருஷம் விண்டோஸ் 10ஓட 1709 வெர்ஷன்ல இருந்து எஸ்எம்பி1ஐ டீஃபால்ட்டா போடுறத நிறுத்திட்டான். எக்ஸ்பி மெஷின்னா எஸ்எம்பி1 தவிர வேற தெரியாது, கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு. விண்டோஸ் 7க்கு எஸ்எம்பி 2.1 நல்லாவே தெரியும்யா, அதுக்கு எதுக்கு? புது ஓஎஸ் போடலாம்னா அந்த அரதப்பழசு அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் ஓடாதாம். 2020 ஜனவரி 14லயே சப்போர்ட் முடிஞ்ச ஓஎஸ்ஸு, அதைக் காப்பாத்துற பொறுப்பு என் தலைல.

ஸ்கிரிப்ட்ல அந்த வரியத் தூக்கிட்டேன், டிஎன்எஸ் ரெக்கார்டையும் தூக்கிட்டேன், இப்ப ஓடுது. கேபிளையும் ஒரு தடவை மாத்திப் பாத்துடலாம்னு சிபியுவை வெளிய இழுத்தா, வரமாட்டேங்குது. பவர் ஒயர், மானிட்டர் ஒயர், லேன் கேபிள் எல்லாத்தையும் சேத்து மேஜைக் காலோட ஜிப் டை போட்டு இறுக்கி வெச்சிருக்கான். எவன்டா அவன்? டேபிளுக்கு அடில தலைய விட்டுட்டு, கத்திரிக்கோல் கேட்டா ஆபீஸ் முழுக்க ஒருத்தர்கிட்டயும் இல்லையாம்!