ஐ-ஓப்பனர்: வன்தட்டு மட்டும் போதாது
இணையம் பார்ப்பதற்கென்று நெட்பிளையன்ஸ் நிறுவனம் 2000 வாக்கில் 99 டாலருக்கு விற்ற சின்னப் பெட்டிதான் ஐ-ஓப்பனர். அதில் வன்தட்டை மாட்டினாலே முழுக் கணினி தயார் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. உள்ளே வன்தட்டை மாட்டுவதற்கான ஐடிஇ இணைப்பு இருந்தது உண்மை. ஆனால் அதன் ஊசிகள் வழக்கத்துக்குத் தலைகீழான வரிசையில் அமைந்திருந்தன. கடையில் கிடைக்கும் கேபிளை அப்படியே செருகினால் வேலைக்காகாது, அதற்கென்றே ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். மடிக்கணினிக்கான சின்ன வன்தட்டுதான் தோது, உள்ளே இடம் அவ்வளவு குறைவு. அப்புறம் 180 மெகாஹெர்ட்ஸ் வின்சிப் செயலி, 32 எம்பி நினைவகம்: லினக்ஸ் இயங்குதளம் ஓடும், அவசரப்படக் கூடாது. இப்படிக் கணினியாக மாற்றியதற்கு நெட்பிளையன்ஸ் ஏன் கோபப்பட்டது என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மாதச் சந்தாவை நம்பி அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள், சந்தா வராவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் நஷ்டம்தானே! அதனால்தான் யாரும் மாற்றிவிடாதபடி, பிந்தைய பெட்டிகளில் கருவியைத் தொடக்கி வைக்கும் பயோஸ் சில்லைப் பசை ஊற்றி ஒட்டினார்கள். பழைய ஐ-ஓப்பனரை வாங்குபவர்கள் முதலில் பெட்டியைத் திறந்து அந்தச் சில்லு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.